அமோகமாக ஓடிய யானை

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்ற வரியைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அடுத்த கண்ணையும் தள்ளிப் போடாமல் பார்த்துவிடு. இங்கே எல்லாரும் சுகம். ஈப்போவில் மூன்று வாரமாகச் சாயங்காலம் தவறாமல் மழை. இவருக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. காலையில் தாமான் பூங்காவை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வருகிறார்.

உன் பேத்தி கேட்ட கேள்வியைப் படித்துவிட்டு அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கேரளாவில் கோயில் திருவிழாவில் யானை மிரண்டு ஓடிய செய்தி, இங்கிலீஷ் பேப்பரில் 'ரன்ஸ் அமோக்' என்று தலைப்பு. அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளை, "பாட்டி, யானை அமோகமா ஓடிச்சுன்னு அர்த்தமா?" என்று கேட்டிருக்கிறாள். தப்பு என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதே கமலா. படம் அமோகமாக ஓடுகிறது, வியாபாரம் அமோகமாக நடக்கிறது என்று கேட்டு வளர்ந்த காதுக்கு அப்படித்தான் படும். அவள் காது நல்ல காது.

ஆனால் இரண்டும் வேறு வேறு. நம் அமோகம் சம்ஸ்கிருதத்திலிருந்து வந்தது. மோகம் இல்லை, 'மோக' என்றொரு சொல். வீண் என்று பொருள். வீண் போகாதது அமோகம். அமோக விளைச்சல் என்றால் விதைத்தது வீணாகாத விளைச்சல். அந்த 'அமோக்' மலாய்க்காரர்களுடைய சொல். நாற்பது வருஷமாக என் காதில் விழுந்துகொண்டே இருக்கிற சொல். அதனால்தான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மலாயில் மூலச்சொல் 'அமுக்'. கடைசியில் வரும் 'க்' தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். அதை வினையாக்கி 'மெங்ஙாமுக்' என்பார்கள். கண்மண் தெரியாமல் வெறிகொண்டு தாக்குவது என்று பொருள். பழைய கதைகளில் போர்க்களத்தில் வீரர்கள் எதிரிப் படைக்குள் பாய்வதற்கும் இதே சொல்தான். அங்கே அது வீரத்தின் பெயர். இதில் ஒன்றைக் கவனி. ஓடுவது என்ற பொருள் அந்தச் சொல்லில் எங்கேயும் இல்லை. ஓட்டத்தைச் சேர்த்தது ஆங்கிலம். ஜெர்மன்காரர்களும் ஓட்டத்தோடுதான் சொல்கிறார்கள். டச்சுக்காரர்கள் 'அமோக் பண்ணுவது' என்கிறார்கள். இன்று அவர்களுக்கு அது கலாட்டா பண்ணுவது மாதிரி. ஒரே சொல்லை ஆளுக்கொரு வினையோடு முடிந்து எடுத்துப் போயிருக்கிறார்கள். தெருவில் நின்று பார்க்கிறவன் கண்ணுக்கு ஓடுகிற ஆள்தான் தெரிகிறான். அவன் வீட்டுக்குள்ளிருந்து பார்த்தவர்கள் வேறு எதையோ பார்த்திருப்பார்கள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஐரோப்பாவுக்கு இந்தச் சொல்லைக் கொண்டுபோனவர்கள் போர்த்துக்கீசியர்கள். 1511இல் மலாக்காவைப் பிடித்தார்கள் இல்லையா, அதையொட்டி 1516 வாக்கில் துவார்த்தே பார்போசா என்பவர் இந்தக் கடற்கரைகளைப் பற்றி எழுதினார். ஜாவாக்காரர்களில் சிலர் கத்தியோடு தெருவில் இறங்கி எதிர்ப்பட்டவர்களையெல்லாம் வெட்டுவார்கள் என்றும், அவர்களை 'அமுக்கோ' என்பார்கள் என்றும் குறித்திருக்கிறார். அதிலிருந்து நூற்றைம்பது வருஷம் கழித்து இங்கிலாந்தில் இது வேறு கோலம் எடுத்தது. 'அமக்' என்று காதில் விழுந்ததை 'அ' தனி, 'மக்' தனி என்று பிரித்துவிட்டார்கள். அவர்கள் மொழியில் பெயருக்கு முன்னால் 'அ' என்று ஒரு ஒட்டு வருமே, அதுதான் இது என்று நினைத்துக்கொண்டார்கள். கவிஞர் டிரைடன் 1687இல் எழுதும்போது நடுவில் ஒரு சொல்லையே நுழைத்து 'இந்திய மக்' ஓடுவதாக எழுதினார். அன்று அவர்களுக்குக் கிழக்கே இருந்ததெல்லாம் இந்தியாதான்.

உன் பேத்திதான் கிரிக்கெட் பைத்தியமாயிற்றே, அவளுக்கு இதைச் சொல்லு: அம்பயர் என்ற சொல்லும் இப்படிப் பிரித்துப் பிழையானதுதான். முதலில் அது 'நம்பயர்' மாதிரி இருந்தது. சமமில்லாதவன், இரண்டு கட்சியிலும் சேராதவன் என்று பொருள். 'அ நம்பயர்' என்பது 'அன் அம்பயர்' ஆகி, நகரம் முன்னால் போய் ஒட்டிக்கொண்டது. 'அமக்'கில் சொல்லின் முதலெழுத்தே கழன்றுபோனது, அவ்வளவுதான் வித்தியாசம். வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

இதில் நம் பக்கத்து ஊர்க் கதையும் ஒன்று இருக்கிறது. உங்கள் அப்பா காரியத்துக்காக உன் அண்ணனோடு திருநாவாய்க்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? நாவாமுகுந்தன் கோயில் படித்துறையில் அண்ணன் தர்ப்பணம் கொடுக்க, நாம் மேல்படியில் ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்தோம். பாரதப்புழையில் தண்ணீரை விட மணல்தான் அதிகம் தெரிந்தது. அந்த மணல்வெளியில்தான் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாமாங்கம் நடந்தது. விழாவுக்குத் தலைமை தாங்கும் உரிமை கோழிக்கோட்டு அரசர் சாமூதிரி கைக்குப் போய்விட்டது. அதை இழந்த வள்ளுவநாட்டு அரசர் ஒவ்வொரு மாமாங்கத்துக்கும் சாவேர்களை அனுப்புவார். அத்தனை காவலையும் வெட்டிக்கொண்டு போய் மேடையில் நிற்கிற சாமூதிரியைக் கொல்ல வேண்டும். திரும்பி வருவோம் என்ற எண்ணமே இல்லாமல் புறப்பட்டவர்கள் அவர்கள். மலபாரில் இப்படிச் சாகத் துணிந்து கிளம்பிய வீரர்களைப் பார்த்த போர்த்துக்கீசியர்கள் அவர்களையும் 'அமோக்கோ' என்றே எழுதினார்கள். ஜாவாத் தெருவில் ஓடியவனும் மலபாரில் மன்னனுக்காகச் செத்தவனும் அவர்கள் ஏட்டில் ஒரே பெயரில் நிற்கிறார்கள்.

இந்தக் குழப்பத்தால் சொல் எங்கே பிறந்தது என்பதிலேயே ஒரு காலத்தில் வாதம் இருந்தது. யூலும் பர்னெலும் 1886இல் வெளியிட்ட ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியில் இதற்கு நீண்ட பதிவு ஒன்று உண்டு. இந்தப் பர்னெல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்து சரசுவதி மகால் ஏடுகளுக்குப் பட்டியல் போட்டவர். 'அமோக்ஷ்ய', அதாவது அவிழ்க்க முடியாதது, என்ற சம்ஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்திருக்குமோ என்ற யோசனையும் அந்தப் பதிவில் இருக்கிறது. இன்றைக்கு அகராதிகள் மலாய்ச் சொல் என்றே சொல்கின்றன. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. இங்கே அந்தச் சொல் பேச்சில் புழங்குகிற விதத்தைப் பார்த்தால் கடன் வாங்கிய சொல் மாதிரியே இல்லை.

அப்புறம் வந்த வெள்ளைக்காரர்கள் எல்லாரும் இதைப் பற்றி எழுதினார்கள். 1770இல் கப்பலைப் பழுதுபார்க்க பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், தங்கிய கேப்டன் குக், அபின் வெறியில் கிளம்பிக் கொல்லுவதே அமோக் என்று எழுதினார். அப்படி ஓடுகிறவனை உயிரோடு பிடிக்கிற அதிகாரிக்குப் பெரிய வெகுமதி உண்டாம். கொன்றுவிட்டால் வழக்கமான சம்பளம் மட்டும்தான். உயிரோடு பிடிக்கப் பெரிய இடுக்கி மாதிரிக் கருவிகள் வைத்திருந்தார்கள். எண்பது தொண்ணூறு வருஷம் கழித்து, சுலாவெசித் தீவில் இருக்கிற மக்காசாரில் தங்கிய இயற்கை ஆராய்ச்சியாளர் வாலஸ், அங்கே மாதத்துக்கு ஒன்றிரண்டு நடப்பதாகச் சொல்கிறார்கள் என்று எழுதினார். ஆனால் அவர் ஒரு படி உள்ளே போனார். அந்த ஊரில் மானத்தோடு சாவதற்கு மனிதர்கள் கண்ட வழி இது என்றார். மற்றவர்கள் பலர் அபின், இனம், மதம் என்று ஏதாவது ஒன்றின் மேல் பழியைப் போட்டு, ஒரு ஜனம் முழுவதையும் காட்டுமிராண்டிகள் போலக் காட்டிவிட்டார்கள். எனக்கு அதில் ஆறாத கோபம் உண்டு. இந்த ஜனங்களோடு வேலி பகிர்ந்து நாற்பது வருஷம் வாழ்ந்திருக்கிறேன். என் பிரசவத்துக்கு ஓடி வந்தவர்களும், மாமியார் செத்த அன்று என் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர்களும் அவர்கள்தான்.

ஒரு சம்பவம் மட்டும் என்னை விட்டுப் போகவே இல்லை. இங்கே எங்கள் பேராக் மாநிலத்தில் ரெசிடெண்டாக, அதாவது பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக, இருந்த ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் எழுதி வைத்தது. ரஜூலா கப்பலில் வந்த என் மாமனார் இறங்கிய துறைமுகத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருந்தார்கள், போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்று. இன்றைக்கு அது கிள்ளான் துறைமுகம். 1891 பிப்ரவரியில், பேராக் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில், நல்ல பெயர் எடுத்த நடுத்தர வயது இமாம் ஒருவர் மச்சான் வீட்டுக்குள் அமைதியாக நுழைகிறார். மச்சான் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறார். பிறகு மனைவியிடம் போய் அதே மாதிரி மன்னிப்புக் கேட்கிறார். கேட்ட கையோடு அவளைக் குத்துகிறார். அப்புறம் நடந்ததெல்லாம் கொலை மேல் கொலை. எனக்கு அந்தக் கொலைகளை விட அந்த மன்னிப்புதான் கமலா, தூக்கத்தில் கூட வருகிறது. வரப்போவது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தடுக்க முடியவில்லை.

இதைப் படித்த பிறகு பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். அவர் பிறந்ததும் பேராக் ஆற்றங்கரைதான். மக்சிக் என்றால் அத்தை, சித்தி மாதிரி, எழுபத்தைந்து தாண்டிவிட்டது. போன நோன்புப் பெருநாளுக்கு முந்தின சாயங்காலம் பின்கட்டில் உட்கார்ந்து கெத்துப்பாட் பின்னிக்கொண்டிருந்தார். தென்னங்குருத்து ஓலையை ஈர்க்கு உரித்து, இரண்டு உள்ளங்கைகளிலும் ஆளுக்கு மூன்று சுற்றுச் சுற்றி, ஒன்றுக்குள் ஒன்றாக நுழைத்து இழுத்தால் சின்னப் பெட்டி மாதிரி வந்துவிடும். அதற்குள் அரிசி போட்டு அவிப்பார்கள். நான் இன்னும் ஒன்று கூட ஒழுங்காகப் பின்னியதில்லை. ஈர்க்கு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது அவருடைய நாலு வயசுப் பேரன், கைபேசியைப் பிடுங்கிவிட்டார்கள் என்று தரையில் புரண்டு, செருப்பை ஒவ்வொன்றாக எடுத்து வேலிக்கு மேலே எங்கள் பக்கம் வீசினான். மக்சிக் தலையைத் தூக்காமலே சத்தம் போட்டார்: "ஜாங்ஙான் மெங்ஙாமுக்!" மெங்ஙாமுக் பண்ணாதே!

எனக்குச் சுரீர் என்றது. ஆங்கிலம் இந்தச் சொல்லைக் கொண்டுபோய் விளையாட்டுச் சொல்லாக்கிவிட்டது என்று உனக்கு எழுத நினைத்திருந்தேன். விலைவாசியும் கற்பனையும் குழந்தைகளும் அங்கே 'ரன் அமோக்' ஆவதைப் பார்த்து எனக்கு வருத்தம். பார்த்தால் பிறந்த வீட்டிலேயே அது குழந்தையின் அடத்துக்கும் ஆகிவந்திருக்கிறது. புயலுக்கும் சொல்கிறார்கள். யானைக்கும் சொல்கிறார்கள், 'காஜா மெங்ஙாமுக்' என்று இங்கத்துப் பேப்பரில் நானே படித்திருக்கிறேன். அந்த 'காஜா' நம் கஜம்தான். ஆக, சொல்லைக் குறை சொல்லி என்ன? வலித்த சொல்லும் தினம் புழங்கினால் தழும்பேறிவிடும் போல.

ஆனாலும் கேட்டேன். பெரியவர்கள் அப்படிப் பண்ணினார்களே, அது எதனால் என்று. மக்சிக் ஓலையை மடியில் வைத்துவிட்டார். வலது கையை விலாவுக்குக் கீழே வைத்து, "சாக்கிட் ஹாத்தி" என்றார். சாக்கிட் என்றால் வலி, நோய். ஹாத்தி என்றால் ஈரல். நாம் நெஞ்சு, மனசு என்கிற இடத்திலெல்லாம் அவர்களுக்கு ஈரல்தான். நமக்கும் ஈரக்குலை பதறும், வயிறு எரியும். உடம்பில் இடம்தான் கொஞ்சம் தள்ளியிருக்கிறது. மனசில் காயம் பட்டவன் முதலில் பேச்சைக் குறைத்துக்கொள்வானாம். சாப்பாடு இறங்காதாம். நாலு பேர் இருக்கிற இடத்துக்கு வரமாட்டானாம். அப்புறம் ஒரு நாள் 'மாத்தா கெலாப்', கண் இருட்டிப் போகும். எல்லாம் முடிந்து உயிரோடு இருந்தால், என்ன செய்தோம் என்று அவனுக்கே தெரியாதாம். கடைசியாக அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவன் பேசாமல் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் யாராவது ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்." சொல்லிவிட்டு ஓலையைக் கையில் எடுத்தார்.

டாக்டர்கள் எழுதியதும் இதோடு ஒத்துப்போகிறது. சிங்கப்பூர் மனநோய் மருத்துவமனைப் பொறுப்பில் இருந்த எல்லிஸ் என்ற டாக்டர் 1893லேயே இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1994இல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டின் பின்னிணைப்பில் அமோக் என்று தனியாகப் பதிந்திருந்தார்கள்: முதலில் மனசுக்குள்ளேயே புழுங்குவது, பிறகு வெறி, பிறகு மறதியும் களைப்பும். ஒரு குறிப்பிட்ட பண்பாட்டுக்கே உரிய நோய்கள் என்ற பட்டியல் அது. 2013இல் வந்த அடுத்த பதிப்பின் பட்டியலில் அமோக் இல்லை. எடுத்தது நல்லதுதான் என்பது என் எண்ணம். மலாய்க்காரர்களுக்கு மட்டும் வருவதா அது?

நம் தெருக் கடைசி வீட்டு அண்ணனை உனக்கு நினைவிருக்கும். வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள், பாக்கிச் சம்பளமும் வரவில்லை. மூன்று மாசம் திண்ணையில் தூணில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார். நாம் காலேஜ் போகும்போதும் அங்கேதான், வரும்போதும் அங்கேதான். ஒரு மத்தியானம் வீட்டுப் பாத்திரங்களையெல்லாம் தெருவில் வீசி நசுக்கிவிட்டு, அரிவாளைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்கும் பிள்ளையார் கோயிலுக்குமாக ஓடினார். யார் மேலும் படவில்லை, நல்ல காலம். பிடித்து லைட் கம்பத்தில் கட்டி வைத்தார்கள். நீயும் நானும் ஜன்னலைச் சாத்திவிட்டு இடுக்கு வழியாகப் பார்த்தோம். மறுநாள் காலையில் அந்த அக்கா நசுங்கிய குடத்தைப் பொறுக்கி எடுத்து, முழங்காலில் வைத்து உள்ளேயிருந்து தட்டித் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அவர் ஓடின கதையை ஊரே பல வருஷம் சொன்னது. மூன்று மாசம் உட்கார்ந்திருந்ததை ஒருத்தரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை கமலா. மக்சிக் பேசி முடித்தபோது எனக்கு அந்தத் திண்ணைதான் கண் முன்னால் வந்தது.

மலாய் 'அமுக்'குக்கும் நம் 'அமுக்கு'க்கும் எந்த உறவும் இல்லை. இருந்தாலும் அதைக் கேட்கும்போதெல்லாம் என் தமிழ்க் காது, அமுக்கி வைத்த ஏதோ ஒன்று என்றுதான் கேட்கிறது.

சரி, பேத்திக்கு என்ன சொல்வது? ஆங்கிலத்தில் 'ரன்' என்பது நம் 'ஓடு' மாதிரி. கடிகாரம் ஓடும், படம் ஓடும், பிழைப்பு ஓடும், கையும் ஓடாது காலும் ஓடாது. 'ரன் அமோக்' என்றால் கட்டுமீறி, தறிகெட்டுப் போவது. யானைக்கு எழுதும்போது 'மிரண்டு ஓடியது' என்று தமிழில் எழுதினால் போதும். 'மதம் பிடித்து' என்று எல்லா யானைக்கும் போட்டுவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடு. மதம் என்பது ஆண் யானைக்குப் பருவத்தில் வருவது, கன்னத்தில் மதநீர் வழியும்; அது வேறு. வெடிச் சத்தத்திலும் செண்டை மேளத்திலும், சுட்ட தரையில் காலில் சங்கிலியோடு மணிக்கணக்கில் நின்ற யானை மிரளுவது வேறு. தலைப்பில் ஓட்டம் மட்டும்தான் இருக்கும். அதற்கு முன்னால் அது எத்தனை மணி நேரம் நின்றது என்று செய்தியின் கடைசிப் பத்தியில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொல்லு. இருந்தால் எனக்கும் எழுதச் சொல்லு.

உன் நாரத்தங்காய் ஊறுகாய் தீர்ந்து இரண்டு மாசம் ஆகிறது. ஜனவரியில் மருமகள் கோயம்புத்தூர் வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்பு. பதிலுக்கு மக்சிக்கிடம் கேட்டு நல்ல பெலாச்சான், அதுதான் இறால் விழுது, வாங்கி அனுப்புகிறேன் என்றால் உன் வீட்டில் மணம் தாங்காது. ஈப்போ வெள்ளைக் காப்பித்தூள் அனுப்புகிறேன்.

அன்றைக்கு விழுந்த செருப்புகளில் ஒன்று எங்கள் கறிவேப்பிலைச் செடிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. ராத்திரி அந்தப் பையன் தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றான். ஒரு கையில் அவித்த கெத்துப்பாட் இரண்டு. செருப்பைக் கொடுத்ததும் காலில் போட்டுக்கொள்ளவில்லை, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனான்.

கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

என்றும் உன்,
மீனாட்சி